அக்கா கடலுக்கு மேலே இருந்தபோது

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. அப்பாவைப் பார்ப்பதற்காக அக்கா திருச்சியில் விமானம் ஏறினாள். மழையால் அது தாமதமாகித்தான் கிளம்பியது.
2. விமானம் கடலுக்கு மேலே வந்துகொண்டிருந்த நேரத்தில், மன்னார்ப் பக்கம் நறுவிலிக்குளத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள்.
3. அவள் அப்பாவின் வாயில் பால் விட்டாள்.
4. அப்பா போய்விட்டார்.
5. அதற்குப் பிறகுதான் விமானம் பலாலி விமான நிலையத்தில் இறங்கியது.

இப்படி எழுதிப் பார்த்தால் நம்ப முடியாதது எதுவுமே இல்லை என்று எனக்கும் தெரிகிறது. வந்த பெண் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் இப்படிப்பட்ட கதைகளுக்குக் காது கொடுக்கிற ஆள் இல்லை. நீர்ப்பாசனக் கந்தோரில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிறேன். குளத்து நீர்மட்டமும் வாய்க்கால் சரிவும் பார்க்கிற வேலை. பொழுதுபட்டால் குளக்கட்டில் சலங்கைச் சத்தம் கேட்கிறது என்று எங்கள் காவலாளி சொன்னபோது, அவரைக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர் திறக்கிற துருசுக் கதவில் தொங்கிய சங்கிலியைக் கையால் ஆட்டிக் காட்டிவிட்டு வந்தவள். அவர் இன்றைக்கும் என்னோடு சரியாக முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. இதை நான் உங்களுக்குச் சொல்வதை அவர் கேட்டால் சிரிப்பார்.

அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பெண் பிள்ளைகள். அக்கா வதனி, அவளுக்குப் பத்து வருடம் கழித்து நான். சண்டைக் காலத்தில் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனபோது அக்கா அம்மாவின் மடியில் இருந்தாளாம். நான் அங்கே அகதி முகாமில் பிறந்தவள். அம்மாவும் அங்கேயே காலமாகிவிட்டார். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பலாம் என்று அப்பா முடிவெடுத்த நேரம், அக்காவுக்கு அங்கேயே கல்யாணமாகி ஒரு பிள்ளையும் இருந்தது. வரமாட்டேன் என்றாள். புறப்படுகிற அன்று முகாம் வாசலில், அத்தனை சனத்துக்கு முன்னால், "இண்டையிலயிருந்து எனக்கு ஒரு பிள்ளைதான். நீ ஆரோ" என்று அப்பா அவளிடம் சொல்லிவிட்டு வான் வண்டியில் ஏறினார். அக்கா வானுக்குப் பின்னால் ஓடிவந்தாள். பின் கண்ணாடியால் பார்த்தது நான் மட்டும்தான். அப்பா திரும்பவில்லை.

அதற்குப் பிறகு இருவருக்கும் நடுவில் பேச்சு என் வாயால்தான் நடந்தது. அக்கா சுகம் கேட்டாள் என்பேன். "ம்" என்பார். அவ்வளவுதான்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆசுபத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்திய அன்று அப்பா என்னைக் கூப்பிட்டார். கண்ணில் வெண்படலம் விழுந்து, ஆட்கள் நிழலாகத்தான் தெரிகிற காலம் அது.

"தர்சி, அவளுக்குப் போன் அடி. அவளின்ர கையால பால் குடிச்சிட்டுத்தான் நான் போவன்."

எங்கள் பக்கத்தில் உயிர் பிரிகிற நேரம் பிள்ளைகள் வாயில் பால் விடுவார்கள். பால் பருக்குவது என்போம். அவர் கேட்டது அதைத்தான். மன்னிப்பு என்ற சொல் அவருடைய வாயில் வராது. அதற்குப் பதிலாகக் கேட்டது அந்தப் பால். நான் சொன்னதும் அக்கா தொலைபேசியில், "என்னையா கேட்டாரு? நெசமாவா?" என்று இரண்டு தரம் கேட்டாள். கடவுச்சீட்டு, அனுமதி என்று அவள் அலைந்து முடிப்பதற்குள் அப்பாவுக்குச் சாப்பாடு நின்றுவிட்டது. அவள் வரவேண்டிய நாளில் தண்ணீரும் இறங்கவில்லை.

அன்று காலை முழுக்க அப்பா ஒரே கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தார். "பிளேன் எங்க நிக்குது?"

திருச்சியிலிருந்து பலாலிக்கு நேர்கோட்டில் இருநூறு கிலோமீற்றருக்கும் குறைவு. ஏறி இறங்க ஒரு மணித்தியாலம் போதும். ஆனால் பலாலியில் இறங்கிப் பூநகரி வழியாக எங்கள் ஊருக்கு வர, வான் வண்டியில் மூன்று மணித்தியாலம் வேண்டும். வானத்தில் வருகிற தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு தரையில் வருகிற தூரம். இதை அப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன்.

"எங்கட தலைக்கு மேலால போகாதோ?"

"இல்லையப்பா. அது வடக்கால போகும். இறங்கித் திரும்பி வரவேணும்."

"விசர்ப் பயணம். இராமேச்சரத்தில வள்ளம் பிடிச்சாத் தலைமன்னார் கண்ணுக்கு முன்னால. அவளைத் தூக்கிக்கொண்டு நான் போகேல்லையே?" என்றார். சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

விமானம் காலையில் கிளம்பியிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் மழை மேகம் இறங்கி, மதியம் தாண்டியும் கிளம்பவில்லை. விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டுகிற செயலியை என் கைபேசியில் திறந்து வைத்திருந்தேன். அப்பாவுக்கு மூச்சு விட்டு விட்டு வந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குள் சளி உருளுகிற சத்தம். உடம்பு முழுக்க நோ. தொட்டால் கத்தினார், கத்தவும் பிறகு பலமில்லாமல் போனது.

மாமி, அப்பாவின் அக்கா, என்னைச் சமையல் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"உன்ர போனுக்குள்ள ஓடுற பிளேன் வந்து அவனுக்குப் பால் விடுமோடி?"

"இன்னும் கிளம்பேல்லை மாமி. கிளம்பினா நாலு மணித்தியாலத்தில வந்திடுவா."

"நாலு மணித்தியாலம்! நீ கிடந்து பார் அந்தக் கட்டில்ல. அவன் கிடந்து இழுக்கிறான், நீ வாய்க்காலுக்குத் தண்ணி திறக்கிற மாதிரி நேரம் சொல்லுறாய்."

"என்ன செய்யச் சொல்லுறியள்?"

மாமி குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் அது சின்னக் குரல் இல்லை. தோட்டவெளி என்ற ஊரில் ரெஜினா என்றொரு பெண் இருக்கிறாள், மாமிக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவள், அவளும் முகாமிலிருந்து திரும்பியவள், அக்காவின் வயதுதான், இந்தியப் பேச்சு அவளுக்கு இன்னும் நாக்கில் நிற்கிறது. அவளைக் கூப்பிடுவோம். வதனி வந்துவிட்டாள் என்று சொல்வோம். அவள் பால் விட்டதும் தம்பி நிம்மதியாகப் போய்விடுவான்.

இது மாமி கண்டுபிடித்த சூழ்ச்சி என்று நினைக்காதீர்கள். வரவேண்டிய பிள்ளை வராமல் உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால் எங்கள் ஊர்களில் இப்படிச் செய்வதுண்டு. யாரும் அதைப் பொய் என்று கணக்கெடுப்பதில்லை. நோவுக்குப் போடுகிற ஊசி மாதிரி. நான் மாட்டேன் என்றேன். அடுத்த அறையிலிருந்து அப்பாவின் முனகல் வந்தது. பிறகு சரி என்றேன். மாமி ரெஜினாவுக்குப் போன் அடித்தார். "கழுத்தில கிடக்கிற செபமாலையைக் கழட்டிப் போட்டு வா பிள்ளை" என்று அவர் சத்தமாகச் சொன்னது எனக்குக் கேட்டது. குசினிக்கும் அப்பாவின் அறைக்கும் நடுவில் இருந்தது ஒரு தகரம்தான்.

அறைக்குத் திரும்பியபோது அப்பாவின் கண் திறந்திருந்தது. அதன் பிறகு விமானம் எங்கே என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

மாமி ரெஜினாவைக் கூட்டிவரச் சந்திக்குப் போனார். மன்னார் பஸ்ஸில் வந்து அங்கேதான் இறங்குவாள். கொஞ்ச நேரத்தில் என் கைபேசியில் சின்ன மஞ்சள் விமானம் திருச்சியை விட்டு எழும்பியது. கரையைக் கடந்தது. கடலுக்கு மேலே வந்ததும் மறைந்துவிட்டது. அது வழமை. கடலில் சமிக்ஞை பிடிக்கிற கருவிகள் குறைவு. அதில் நான் ஒன்றும் சொல்லவில்லை. மறைந்த நேரத்தில்தான் அவள் வந்தாள் என்று மட்டும் சொல்கிறேன்.

சந்திப் பக்கமாக வரவில்லை. வயல் வரம்பால் வந்து பின்வாசலில் நின்றாள். சேலைத் தலைப்பை மழைக்குப் போல முக்காடிட்டிருந்தாள். மாமி எங்கே என்று நான் கேட்கவில்லை; அவள்தான் ரெஜினா என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. நான் ரெஜினாவை அதற்கு முன் கண்டதில்லை. இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவளுடைய முகத்தை நான் நேரே பார்க்கவில்லை. என் அக்காவாக நடிக்க வந்த ஒருத்தியை முகத்தில் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கையைத்தான் பார்த்தேன். பால் கிண்ணத்தைக் கொடுக்கும்போது விரல் பட்டது. குளிரூட்டிய அறையிலிருந்து நேரே எழும்பி வந்தவளைப் போல அந்தக் கை குளிர்ந்திருந்தது.

"கரண்டியால கொஞ்சம் கொஞ்சமா விடுங்கோ" என்றேன்.

"என்ன சொன்னே? காது அடைச்சிருக்கு" என்று ஒரு விரலால் காதை அழுத்திக்கொண்டு கேட்டாள். திரும்பச் சொன்னேன். என்னை ஒருமையில் கூப்பிட்டது, இந்தியப் பேச்சு, எல்லாம் பொருத்தமாக இருந்தது. மாமி நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். நம்பினால் நம்புங்கள், அந்த நேரத்தில் அவளை மனதுக்குள் மெச்சினேன்.

அவள் கட்டிலின் பக்கத்தில் நிலத்தில் மண்டியிட்டாள்.

"அப்பா. நான் வந்துட்டேன்பா. வதனி."

அப்பா தலையை மற்றப் பக்கம் திருப்பினார். அவ்வளவு பலம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"அப்பா, நாந்தான்பா. இங்க பாருங்க."

"இது அவளில்லை" என்றார் அப்பா. எனக்குச் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு. "ஆரையோ பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறியள். போகச் சொல்லு."

அவள் அழத் தொடங்கினாள். தேம்பித் தேம்பி, மூக்கால் நீர் வடிய, பார்க்க அழகில்லாத அழுகை. இவ்வளவு தேவையில்லையே என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. நான் அப்பாவின் தலையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினேன். "அப்பா, அக்காதான் அப்பா. சத்தியமா அக்காதான். வாயைத் திறவுங்கோ" என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு கிடந்தார். நான் தாடையில் விரலை வைத்து அழுத்தினேன். வாய் திறந்தது. அவள் பால் விட்டாள். கொஞ்சம் உள்ளே போனது. பிறகு விட்டது கடைவாயால் வழிந்து தலையணையில் ஊறியது. அப்பாவின் கண் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பார்க்கவில்லை.

அவள் எழும்பவில்லை. அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"வந்த அலுவல் முடிஞ்சுதெல்லோ. போங்கோ. அக்கா வாற நேரம் நீங்கள் இஞ்ச நிக்கக்கூடாது" என்றேன்.

வந்த வழியாலேயே போனாள். நான் வாசல் வரைக்கும் போகவில்லை. அப்பாவின் வாயைத் துடைக்கத் துணி தேடினேன்.

மாமி தனியாகத் திரும்பி வந்தார். "பஸ் வரேல்லையடி, நிண்டு நிண்டு கால் விறைச்சுப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர், அப்பாவைக் கண்டதும் நெஞ்சில் அடித்துக்கொண்டார். கொஞ்சம் அடங்கிய பிறகு, "ஆர் பால் விட்டது?" என்றார்.

"ரெஜினா வந்து விட்டிட்டுப் போட்டா."

"எந்தப் பக்கத்தால?"

"வயல் பக்கத்தால."

மாமி ஒரு கணம் யோசித்தார். "ஓட்டோவில வந்து அங்கால இறங்கியிருப்பாள், பாவம்" என்றார். அந்த நேரம்தான் கைபேசி அடித்தது. அக்கா. பின்னால் பெட்டிகள் உருளுகிற சத்தம்.

"தர்சி, எறங்கிட்டேன்டி. இப்பதான் எறங்கினேன். சத்தமாப் பேசு, காது அடைச்சுப் போச்சு. அப்பா எப்படி இருக்காரு?"

சொன்னேன். அந்தப் பக்கத்தில் பெட்டிகள் உருண்டுகொண்டே இருந்தன.

அவள் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. அப்பாவைக் குளிப்பாட்டி நடு அறையில் கிடத்தியிருந்தோம். அக்கா சுடிதாரில், கையில் ஒரு பையோடு வந்து இறங்கினாள். வாசலில் பாக்கியம் அக்கா நின்றார். முகாமில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவர், இங்கேயும் பக்கத்து வீடுதான். அக்காவை நன்றாகத் தெரியும். அவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு அவர் கேட்டார்:

"எங்கயடி போனனி? மத்தியானம் வரம்பால அழுது அழுது போனாய், கூப்பிடக் கூப்பிடத் திரும்பேல்லை. உடுப்பு மாத்தப் போனனியோ?"

அக்காவுக்கு விளங்கவில்லை. "இப்பதான் வர்றேன் பாக்கியம் அக்கா" என்றாள்.

"எனக்கென்ன கண் பொட்டையோ? சேலையோட போனாய்."

மாமி பாய்ந்து பாக்கியம் அக்காவைக் குசினிக்குள் கொண்டுபோனார். ரெஜினாவைத்தான் இவர் தூரத்தில் கண்டு மாறாட்டமாகச் சொல்கிறார் என்று நானும் மாமியும் எடுத்துக்கொண்டோம். அக்கா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, "பால் யாரு விட்டா?" என்று கேட்டாள். "நான்" என்றேன்.

செத்தவீட்டு அலுவல்களில் அடுத்த நாள் முழுக்கப் போய்விட்டது. அதற்கு அடுத்த நாள்தான் மாமி ரெஜினாவுக்கு நன்றி சொல்ல அடித்தார். ஒலிபெருக்கியில் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"மாமி, என்னோட கோவிக்காதேங்கோ" என்றது அந்தப் பக்கம். "பஸ் ஏற வெளிக்கிட்டனான். சாகப்போற மனிசனுக்குப் பிள்ளை எண்டு பொய் சொல்ல எனக்கு மனம் வரேல்லை. பேசாம மடுக் கோயிலுக்குப் போயிட்டன். மாதாவுக்கு முன்னால அந்த ஐயாவுக்காக மண்டாடினன். உங்களுக்கு அடிச்சுச் சொல்லப் பயந்து போனை நிப்பாட்டிப் போட்டன்."

மாமி கைபேசியைப் பாயில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். அந்தப் பேச்சை இன்றுவரை என்னோடு எடுத்ததில்லை.

சாம்பல் அள்ளுகிற காடாத்து முடிந்து, எட்டாம் நாள் செலவும் முடிந்து, அக்காவைப் பலாலிக்குக் கூட்டிப் போனேன். வான் பூநகரிப் பாலத்தைத் தாண்டியதும் அவள் வெளியே பார்த்தபடியே சொன்னாள்:

"வரும்போது பிளேன்ல தூங்கிட்டேன்டி. வாந்தி மாத்திரை போட்டிருந்தேன். ஒரு கனவு. சொன்னா நீ சிரிப்பே."

"சொல்லு."

"வீட்டுக்கு வந்துட்டேன். வரப்பு வழியா. காலெல்லாம் சேறு. நீ கிண்ணத்தைக் குடுக்கிறே. அப்பா என்னைப் பாக்க மாட்டேங்கிறாரு. நாந்தான்பா, நாந்தான்பான்னு எவ்வளவோ கெஞ்சினேன். போகச் சொல்லுன்னு சொன்னாரு. காது அடைச்சிருந்துச்சு, ஆனா அது மட்டும் தெளிவாக் கேட்டுச்சு."

நான் முன்னால் ஓடிக்கொண்டிருந்த தெருவைப் பார்த்தேன்.

"அப்பா சொன்னதுகூடப் பரவால்லடி. அவரு கோவம் எனக்குத் தெரியும். நீ அக்காதான் அக்காதான்னு அவர்கிட்ட சொல்லிட்டே இருந்தே. ஆனா என் மூஞ்சியை ஒரு தடவைகூடப் பாக்கல. அப்புறம் நீயும் போங்கன்னு சொன்னே. வந்த வேலை முடிஞ்சுதுன்னு சொன்னே." இப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "கனவுதான். ஆனா ஏன்டி அப்படிச் சொன்னே?"

அவள் அந்த விமானத்தில்தான் இருந்தாள். அவள் இறங்கிய முத்திரை கடவுச்சீட்டில் இருக்கிறது. அதை என் கண்ணால் பார்த்தேன். அப்பாவின் அறைக்குள் நடந்தது எனக்கும் அப்பாவுக்கும் வந்தவளுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. நான் யாருக்கும் சொல்லவில்லை, மாமிக்கும்கூட. தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து நாங்கள் கதைத்ததை அப்பா கேட்டிருக்கிறார் என்று எனக்கு இப்போது உறுதி. அதனால்தான் போகச் சொன்னார். நான் பொய் என்று நினைத்துச் சொன்னது, என்னவென்று சொல்வது, உண்மையாக இருந்திருக்கலாம். அவர் உண்மை என்று பிடித்துக்கொண்டு போனது பொய்யாக இருந்திருக்கலாம்.

இப்போதைய நிலை இதுதான். அக்கா திருச்சியில் இருக்கிறாள். நான் நறுவிலிக்குளத்தில் அதே வீட்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அடிப்பாள், பிள்ளைகளைப் பற்றிக் கதைப்போம், மழையைப் பற்றிக் கதைப்போம். அன்று வானில் அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.